குரொப் சென்சருக்கு ‘வெட்டுணரி’ வேண்டாம்: குறுஞ்சட்டகம், முழுச்சட்டகம், ஒடுங்கெண்

வணக்கம்.

கமராவில் படத்தைப் பதிகிற சில்லு உணரி (சென்சர்), அதில் முழு அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது குரொப் சென்சர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிற நம் குழுவில் இதுவரை வந்தவை வெட்டுணரி, நறுக்குணரி, செதுக்குணரி: மூன்று சொல்லிலும் கத்தி இருக்கிறது. என் மறுப்பு அந்தக் கத்திக்குத்தான். திருகோணமலையில் பின்னேர வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்காகக் கமராக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் நான் எந்தச் சொல்லைப் போடுகிறேனோ அதை வைத்துத்தான் அவர்கள் கடையில் போய் விசாரிப்பார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவுகள். ஃபுல் ஃபிரேம் உணரி 36 மில்லிமீற்றர் அகலம், 24 உயரம். நிக்கோனின் குரொப் ரகமான டிஎக்ஸ் கமராக்களில் ஏறக்குறைய 23.5க்கு 15.6. கெனனின் குரொப் கமராக்களில் இன்னும் கொஞ்சம் சின்னது, 22.3க்கு 14.9. பரப்பாகப் பார்த்தால் 864 சதுர மில்லிமீற்றருக்கு எதிரே நிக்கோனில் 366, கெனனில் 332. அடிப்படை வித்தியாசம் இவ்வளவுதான்.

இதில் யார் எதை வெட்டினார்கள்? முழு அளவுக்கென்று செய்த வில்லையைச் சின்ன உணரிக்கு முன்னால் மாட்டினால், அது விழுத்துகிற விம்ப வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் பதிவாகும், ஓரம் வீணாகும். அந்த ஒரு நிலையில் வெட்டு என்பது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன உணரிக்கென்றே செய்த நிக்கோனின் டிஎக்ஸ் வில்லையும் கெனனின் இஎஃப்-எஸ் வில்லையும் விழுத்துகிற வட்டமே சின்னது, அவற்றை மாட்டினால் வெட்டுப்பட அங்கே எதுவுமே இல்லை. பெட்டியோடு வருகிற 18-55 மில்லிமீற்றர் வில்லை அந்த ரகம்தான். குரொப் கமரா வைத்திருக்கிறவர்களில் பலர் அதைத் தவிர வேறு வில்லை வாங்குவதே இல்லை.

(வில்லை என்று நான் எழுதுவது லென்ஸை. இங்கே பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆடி என்றால் முகம் பார்க்கிற ஆடி, வில்லை என்றால் லென்ஸ். தமிழகத்து அன்பர்கள் லென்ஸ் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை.)

இனி அந்தக் கத்தி செய்கிற வேலையைப் பாருங்கள். உப்புவெளியில் படகோட்டுகிற குடும்பத்துத் தம்பி, பாவித்த கமரா வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் ஒரே மூச்சில் இரண்டு பிழையான கதை சொல்லி அனுப்பியிருக்கிறார். குரொப் என்றால் வெட்டிக் குறைத்தது, படம் முழுசாக வராது என்பது ஒன்று. குரொப்பில் போட்டால் 300 வில்லை 450 ஆகிவிடும் என்பது மற்றது. முதலாவதைக் கேட்டுப் பயந்தார், இரண்டாவதைக் கேட்டு ஆசைப்பட்டார், கடைசியில் ஒன்றும் விளங்காமல் என்னிடம் வந்தார். 300 வில்லை எந்தக் கமராவில் மாட்டினாலும் 300தான், அந்த மில்லிமீற்றர் எண், அதாவது குவியத்தூரம், வில்லையின் சொத்து. சின்ன உணரிக்குள் அடங்குகிற காட்சியின் கோணம் ஒடுங்கிவிடுகிறது, ஃபுல் ஃபிரேமில் 450 வில்லை காட்டுகிற அளவு காட்சிதான் தெரிகிறது. அதைத்தான் அவர் 450 ஆகும் என்றார்.

அப்படியானால் அது வெறும் கண்கட்டா என்றால், அதுவும் இல்லை. திருகோணமலைக் கடலுக்கு நீலத்திமிங்கிலம் வருகிறது, கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். திமிங்கிலம் நாம் சொல்கிற இடத்தில் எழும்பாது, தூரத்தில் நீர்த்தூவி தெரியும், முதுகு தெரியும், அதற்குள் முடிந்துவிடும். படகு வேறு ஆடும். இந்த இடத்தில் 24 மெகாபிக்சல் குரொப் கமராவில் 300 வில்லை போட்டால், அந்த ஒடுங்கிய காட்சியின் மேல் 24 மெகாபிக்சலும் விழுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அதே வில்லையைப் போட்டு, பிறகு கணினியில் அதே அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 10க்குச் சற்று மேல். நிக்கோன் டி850 போல 45.7 மெகாபிக்சல் கமரா உடம்பு வைத்திருந்தால் வெட்டிய பிறகும் 19 மிஞ்சும், ஆனால் அந்தக் காசை யார் தருவது. கடலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமும் இல்லை, ஆகவே பெரிய உணரியின் முதல் நன்மை அங்கே பயன்படாமல் கிடக்கும். அந்தத் தம்பிக்கு நான் சொன்னது, குரொப் உடம்பும் 70-300 வில்லையும், படகில் வில்லை கழற்றி மாட்டவே கூடாது என்பதும். உப்புக்காற்று உள்ளே போனால் கமரா எந்த அளவாக இருந்தாலும் ஒன்றுதான். ஆக, வெட்டு நடப்பது ஃபுல் ஃபிரேம்காரர் கணினிக்கு முன்னால் இருக்கும்போது. பெயரை மட்டும் மற்றவர் சுமக்கிறார்!

மறுபக்கமும் சொல்லவேண்டும். இரவுத் திருவிழாவில் சாமி வீதிக்கு வருகிறபோது, அல்லது மண்டபத்தில் பாதி விளக்கை அணைத்துவிட்டு மாலை மாற்றுகிறபோது, ஐஎஸ்ஓவை (உணரியின் ஒளியுணர்திறன் அளவை) 3200, 6400 என்று ஏற்றியே ஆகவேண்டும். ஒரே தலைமுறை உணரிகளை வைத்துப் பார்த்தால், இருமடங்குக்கு மேலான அந்தப் பரப்பு ஏறக்குறைய ஒன்றேகால் படி வெளிச்சத்துக்குச் சமம் (படி என்றால் ஸ்டொப், ஒரு படி ஏறினால் வெளிச்சம் இருமடங்கு). குரொப்பில் 3200இல் தெரிகிற மணல்மணலான இரைச்சல், ஃபுல் ஃபிரேமில் 6400ஐத் தாண்டித்தான் அந்த அளவுக்கு வரும். பின்புலம் கலங்குவதும் அப்படியே, ஒரே அளவு காட்சி, வில்லையின் துவாரமும் ஒன்று என்றால் பெரிய உணரியில் கூடுதலாகக் கலங்கும். இன்னொன்று, இதை எவரும் விளம்பரத்தில் போடுவதில்லை: கண்வைத்துப் பார்க்கிற சாளரம். எஸ்எல்ஆர் கமராவில் வில்லைக்குப் பின்னால் நின்று காட்சியை அந்தச் சாளரத்துக்கு அனுப்புகிற ஆடியும் உணரியின் அளவுக்குத்தான் இருக்கும். மலிவான குரொப் உடம்பில் கண்ணை வைத்தால் குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி இருக்கும், ஃபுல் ஃபிரேமில் கண்ணை வைத்தவுடன் இடம் விரிகிறது. மலிவான 50 மில்லிமீற்றர் வில்லையும் அதில்தான் தன் உண்மையான வேலையைச் செய்யும். குரொப்பில் அது 75இன் காட்சியாக ஒடுங்கிவிடுவதால், வீட்டு ஹோலில் குடும்பப் படம் எடுக்கப் பின்னுக்குப் போய்ப் போய் முதுகு சுவரில் முட்டும். கல்யாண வீட்டு வேலைக்குப் போகிறவர் காசு சேர்த்து ஃபுல் ஃபிரேம் வாங்கட்டும், மற்றவர்களுக்கு அவசரமில்லை என்பது என் எண்ணம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஃபுல் ஃபிரேமில் வருகிற ‘முழு’ என்பதையும் குழுவில் ஒருவர் மறுத்திருந்தார். அதைவிடப் பெரிய உணரி இருக்கும்போது இது எப்படி முழு என்று கேட்டார். நியாயமான கேள்வி, வரலாறும் அவர் பக்கம்தான். பிலிம் சுருளின் அகலம் 35 மில்லிமீற்றர், பல் ஓட்டைகள் போக மிஞ்சுவது 24. சினிமாவில் படச்சட்டம் 24க்கு 18 என்று சுருளின் குறுக்கே விழுந்தது. லைக்கா கமராவை உருவாக்கிய ஒஸ்கார் பர்னாக் அதே சுருளைக் கிடையாக ஓடவிட்டு, இரண்டு சினிமாச் சட்டத்தை ஒன்றாக்கி 36க்கு 24 எடுத்தார், 1913 வாக்கில் மாதிரிக் கமரா, 1925இல் லைக்கா என்று சந்தைக்கு வந்தது. அந்தக் காலத்தவர் அதைக் குட்டிக் கமரா என்றுதான் கணக்கில் எடுத்தார்கள். பிறகு 1959இல் ஒலிம்பஸ் பென் வந்தது, அது எடுத்தது பழைய சினிமா அளவேயான 18க்கு 24, ஆனால் அதற்குப் பெயர் ஹாஃப் ஃபிரேம். ஒரே அளவு, சினிமாக்காரருக்கு முழுசு, ஒளிப்படக்காரருக்குப் பாதி! ஆகவே முழு என்பது இயற்கையில் இருக்கிற முழுமை இல்லை, ஒரு வழக்கு. ஆனாலும் அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். வில்லைகளின் காட்சியை உலகம் முழுக்க அந்த 36க்கு 24ஐ வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள், நாம் மட்டும் தனிக்கோல் பிடித்து என்ன செய்வது.

பின்பாதியான ஃபிரேமுக்குச் ‘சட்டம்’ வேண்டாம், ‘சட்டகம்’ போதும். படத்துக்குச் சட்டம் போடுவது நல்ல தமிழ்தான், ஆனால் முழுச்சட்டம் என்று தலைப்புப் போட்டால் இங்கே வாசிக்கிறவருக்குக் கமரா நினைவுக்கு வராது. அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று அந்தச் சொல்லை நாங்கள் போதிய அளவு கேட்டாயிற்று.

குரொப்புக்கு அரைச்சட்டகம் என்று நம் குழுவின் மதுரை அண்ணர் சொன்னது எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. கால், அரை, முழு என்று ஒரு வரிசை கிடைக்கிறது, இன்னும் சின்ன ரகமான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரி 17.3க்கு 13, பரப்பில் கிட்டத்தட்டக் காற்பங்குதான். ஆனால் காற்சட்டகம் என்று எழுதிப் பார்த்தேன், எங்கள் ஊரில் ஆம்பிளைகள் போடுகிற காற்சட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அது போகட்டும், பெரிய தடை வேறு. ஹாஃப் ஃபிரேம் என்பது பிலிம் கமராவில் உயிரோடு இருக்கிற பெயர், 2024இல்கூடப் பென்டக்ஸ் 17 என்று ஹாஃப் ஃபிரேம் பிலிம் கமரா புதிதாக வந்தது. அரைச்சட்டகத்தை அதற்கு விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு குறுஞ்சட்டகம். குறுஞ்செய்தி எல்லோர் வாயிலும் பழகிவிட்டதால் ‘குறுஞ்’ யாருக்கும் இடறாது. குறுகியது என்கிறது, குறைபட்டது என்கிறதில்லை. டிஎக்ஸ், கெனன், இன்னும் சின்னது எல்லாம் அதற்குள் அடங்கும். உணரி என்பதைத் தேவையான இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், முழுச்சட்டக உணரி, குறுஞ்சட்டக உணரி என்று.

அடுத்தது குரொப் ஃபக்டர். வெட்டுக் காரணி என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கணக்கு என்னவென்றால் மூலைவிட்டங்களின் விகிதம்: 36க்கு 24இன் மூலைவிட்டம் 43.3, நிக்கோன் டிஎக்ஸில் 28.2, வகுத்தால் 1.5. கெனனில் 26.8, வகுத்தால் 1.6. மூலைவிட்ட விகிதம் என்றே சொன்னால் பிழையே இல்லை, ஆனால் கடையில் எவர் அப்படிக் கேட்பார்? காட்சிக்கோணம் ஒடுங்குவதைச் சொல்கிற எண் என்பதால் ஒடுக்கெண் என்று முதலில் எழுதினேன். ஒடுக்கு என்றவுடன் ஒடுக்குமுறை வந்து முன்னால் நிற்கிறது. ஆகவே ஒடுங்கெண். தானாக ஒடுங்குகிறது, யாரும் ஒடுக்கவில்லை. ஒடுங்கெண் 1.5, ஒடுங்கெண் 1.6 என்று சொல்லிப் பாருங்கள், நாக்குக்குத் தடையில்லை.

கையேட்டில் வில்லை மாற்றுகிற பகுதியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்தேன்: “குறுஞ்சட்டகத்துக்கென்று செய்த டிஎக்ஸ் வில்லையை நிக்கோனின் முழுச்சட்டகக் கமராவில் மாட்டலாம், கமரா தானே உணரியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். கெனனின் இஎஃப்-எஸ் வில்லையை முழுச்சட்டக எஸ்எல்ஆரில் மாட்ட முடியாது, அதன் பின்பகுதி உள்ளே தள்ளி நிற்பதால் பெரிய ஆடி மேலே எழும்பும்போது அதில் மோதும். மாட்ட முடியாதபடி பூட்டுவாயையே வேறாகச் செய்திருக்கிறார்கள்.” வாசித்த பிள்ளைகள் சொல்லில் தடக்கவில்லை. ‘பூட்டுவாய்’ என்ன என்று மட்டும் கேட்டார்கள். மவுண்ட் என்று சொன்னவுடன் விளங்கியது, அதற்கு மேற்கொண்டு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். ‘ஸ்டொப்’ என்பதற்குப் படி என்று மேலே எழுதியிருக்கிறேன். நிறுத்தம் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் அதையும் இந்தக் கிழமையே முடித்துவிடுவோம்.