சிபில் (நம்ம கடன் வரலாற்று ரிப்போர்ட்) தப்பு 30 நாள்ல சரியாயிடுமா? யாருக்கு ஆச்சு?

கோவை_லேத்:
"தொழில் பண்றவங்க சிபில் ரிப்போர்ட்ல தப்பு இருந்தா ஆன்லைன்ல புகார் போடுங்க, 30 நாள்ல சரியாயிடும், இல்லைன்னா நாளுக்கு 100 ரூபாய் நம்ம கணக்குல விழும்." நேத்து இங்க ஒருத்தர் இப்படி எழுதியிருக்கார். படிச்சதுல இருந்து வயித்தெரிச்சல். என் மெஷின் லோனை அடைச்சு, நோ டியூஸ் வாங்கி ஃபைல்ல வெச்சிருக்கேன். ரிப்போர்ட்ல அதே லோன் 1,180 ரூபாய் ஓவர்டியூ (கெடு தாண்டின பாக்கி), 90 நாளுக்கு மேலன்னு நிக்குது. லோனை முடிக்கறப்ப போட்ட சார்ஜ் 1,000, அதுக்கு ஜிஎஸ்டி 180. எங்கிட்ட யாரும் கேட்கவே இல்லை. புகார் போட்டேன். 30 நாளுக்குள்ள பதில் வந்துச்சு: "எங்கள் பதிவுகளின்படி விவரம் சரியானது." அவ்வளவுதான், புகார் க்ளோஸ். இப்ப சிசி லிமிட் (தொழில் செலவுக்கு வங்கி தர்ற கேஷ் கிரெடிட்) ரினீவல் அந்தரத்துல தொங்குது. எங்கய்யா அந்த 100 ரூபாய்?

திருப்பூர்_நிட்ஸ்:
அந்தப் பதிவு என்னுது. நேராவே கேட்டிருக்கலாம். ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர்ல சுற்றறிக்கை விட்டது, 2024 ஏப்ரல்ல இருந்து அமல். 30 நாள் தாண்டினா நாளுக்கு 100 ரூபாய். இது நானா கட்டின கதை இல்லை.

கோவை_லேத்:
"தாண்டினா". அதைத்தானே கேட்கறேன்? 29ஆம் நாள் "சரியானது"ன்னு ஒரு வரி அனுப்பிட்டா புகார் தீர்ந்துபோச்சா?

ஈரோடு_ஆடிட்டர்:
சுற்றறிக்கையை முழுசாப் படிச்சுட்டு சண்டை போடுங்க. புகார் கைக்கு வந்த நாள்ல இருந்து வங்கிக்கு 21 நாள். அதுக்குள்ள திருத்தின விவரத்தை பீரோவுக்கு (சிபில் மாதிரி கடன் ரிப்போர்ட் தர்ற கம்பெனி) அனுப்பலைன்னா பணம் தர வேண்டியது வங்கி. வங்கி நேரத்துக்கு அனுப்பியும் பீரோ 30 நாளுக்குள்ள முடிக்கலைன்னா பீரோ தரணும். புகாரை நிராகரிச்சா காரணம் சொல்லியாகணும். இன்னொண்ணு, 2005ஆம் வருஷக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தோட 21ஆம் பிரிவுப்படி, வங்கி சரின்னு சான்று கொடுக்காம பீரோ எதையும் திருத்த முடியாது. அதனால ஆன்லைன்ல போட்டாலும், நோ டியூஸ் நகலோட வங்கிக்கும் எழுத்துல கொடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க.

கோவை_லேத்:
படிச்சவர் நீங்களே சொல்லுங்க. "பதிவுகளின்படி சரியானது" ஒரு காரணமா? அந்தப் பதிவே தப்புன்னுதானே புகார்?

பேங்க்_ஓய்வு:
கடன் பிரிவுலயே தலை நரைச்சவன் நான். பாக்கி இருந்ததால காட்டுது. 1,180ஆ இருந்தாலும் பாக்கி பாக்கிதான். கட்டிட்டு வேலையைப் பாருங்க.

கோவை_லேத்:
"பாக்கி ஏதுமில்லை"ன்னு சீல் குத்திக் கொடுத்தது உங்க ஆளுங்கதானே சார்? இன்னைக்கு நான் 1,180 கட்டினா பாக்கி இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. கட்டினாலும் அந்த 90 நாள் தாமதம் 36 மாச வரலாற்றுல அப்படியே உட்கார்ந்திருக்கும். அடுத்த மேனேஜர் அந்தக் கட்டத்தைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவார்.

பேங்க்_ஓய்வு:
எங்க ஆளுங்க, உங்க ஆளுங்கன்னு பேசாதீங்க தம்பி. வாய் நீளுது.

திருப்பூர்_நிட்ஸ்:
புரொப்ரைட்டர்ஷிப்ல, அதாவது ஒரே ஆள் பேர்ல, தொழில் இருக்கறதுதான் உங்க பிரச்சினை. கம்பெனிக் கடன் உங்க தனி ரிப்போர்ட்லயும் ஏறும். பிரைவேட் லிமிடெட்டா மாத்தியிருந்தா தப்பிச்சிருப்பீங்க.

கோவை_லேத்:
ஏனுங்க, டைரக்டர் ஜாமீன் கையெழுத்து இல்லாம நம்மளை மாதிரி ஆளுக்கு எந்த வங்கி கடன் கொடுக்குது? ஜாமீன் போட்டா அதுவும் நம்ம ரிப்போர்ட்ல வரும். பேச்சை மாத்தாதீங்க. 30 நாள்ல சரியாயிடும்னு சொன்னீங்களா இல்லையா?

சிவகாசி_பிரஸ்:
எதுக்கு இவ்வளவு பாடு? எங்க பக்கம் ஏஜென்ட் இருக்காங்க. 15,000 கொடுத்தா சிபிலை க்ளீன் பண்ணித் தர்றாங்க. எனக்குத் தேவைப்படலை, சிபில் தர்ற கம்பெனி ரேங்க் பத்துக்கு 8 வெச்சிருக்கேன்.

ஈரோடு_ஆடிட்டர்:
ஏஜென்ட்கிட்ட பான் நம்பரையும் ஓடிபியையும் கொடுத்துட்டு அப்புறம் அழாதீங்க. பீரோவே தன்னிச்சையா மாத்த முடியாததை அவர் எப்படி மாத்துவார்? நாலு பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். அதை எடுத்துப் பாருங்க முதல்ல.

கோவை_லேத்:
சிவகாசி அண்ணாச்சி, கம்பெனி ரேங்க்ல 1தான் நல்லது, 10 மோசம். 8ன்னா சீக்கிரம் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்க.

சிவகாசி_பிரஸ்:
கோயம்புத்தூர்க்காரங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். இ-வே பில் திரியிலயும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீங்க. மறக்கலை.

கோவை_லேத்:
இ-வே பில் திரியில நான் சொன்னதும் சரிதான்.

ஈரோடு_ஆடிட்டர்:
லேத் சார், வங்கி பதில் திருப்தி இல்லைன்னா ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட (வங்கி மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி) போங்க, கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பர்ல இருந்து பீரோக்களும் அதுக்குள்ள வந்தாச்சு. இழப்பீடு தர மறுத்தாலும் அங்கயே கேட்கலாம்.

கோவை_லேத்:
போறேன், போகாம விடமாட்டேன். ஆனா அங்க எத்தனை நாள்? அதுவரைக்கும் லிமிட் இல்லாம ராடு எடுக்கறது எப்படி, சனிக்கிழமை கூலி கொடுக்கறது எப்படி? நேத்துப் பதிவுல இதைப் பத்தி ஒரு வரி இருந்துச்சா?

திருப்பூர்_நிட்ஸ்:
உங்க ஒருத்தர் கதைக்காக சுற்றறிக்கை பொய்யாயிடாது. 30 நாள், 100 ரூபாய். எழுத்துல இருக்கு.

கோவை_லேத்:
எழுத்துல இருக்கு, ரிப்போர்ட்ல 1,180ம் இருக்கு. நிராகரிச்சு அனுப்பினா அது தீர்வா? ஆமாவா, இல்லையா?

பேங்க்_ஓய்வு:
இன்னும் அந்த 1,180ஐக் கட்டலையா நீங்க?

கோவை_லேத்:
கட்டமாட்டேன் சார். திருப்பூர், கேள்வி உங்களுக்குத்தான். ஆமாவா, இல்லையா?

திருப்பூர்_நிட்ஸ்:
முதல்ல சுற்றறிக்கையில 100 ரூபாய்னு இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லுங்க.