படபடப்பும் பதற்றமும்: செட்டிநாட்டிலிருந்து சில அனுபவங்கள்

தேவகோட்டை, மளிகை மொத்த வியாபாரி

கண்டனூரில் பங்காளி வீட்டுத் திருமணம் ஒன்றில், வளவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, எந்தக் காரணமும் இன்றி எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. கைவிரல்கள் மரத்துப்போயின, மூச்சு முழுதாக உள்ளே இறங்கவில்லை, இத்தோடு என் கதை முடிந்தது என்றே நம்பினேன். வீட்டார் அன்றே மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்த இதய மருத்துவர், இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். அந்தச் சொல் தந்த நிம்மதி நீடிக்கவில்லை. வேறொரு மருத்துவர், மறுபடியும் இசிஜி, மறுபடியும் நிம்மதி, மறுபடியும் சந்தேகம் என்று பல மாதங்கள் போயின.

மனநல மருத்துவர் ஒருவர்தான் இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர் சொல்லி, உடம்புக்குள் நடப்பதை எனக்கு விளக்கினார். அச்சத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால் வருபவை. அவற்றை மாரடைப்பின் அறிகுறி என்று மனம் எடுத்துக்கொள்ளும்போது அச்சம் கூடுகிறது. அச்சம் கூடக்கூட மூச்சும் வேகமெடுக்கிறது. இந்தச் சுழல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கும் என்றார். நெஞ்சில் முதன்முறை இப்படி வந்தால் இதயத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் முறை என்றும், நன்றாகச் சோதித்துத் தெளிந்த பிறகும் ஓயாமல் சோதித்துக்கொண்டிருப்பது பதற்றத்துக்கே தீனி போடும் என்றும் அவர் சொன்னது என் மனத்தில் நின்றது.

அதற்குள் நான் கொள்முதலுக்காகக் கீழமாசி வீதிக்குத் தனியாகப் போவதை நிறுத்தியிருந்தேன். மருத்துவர் பேருந்துப் பாதையையே மருந்தாக்கினார். முதலில் தனியாகக் குன்றக்குடி வரை, அது பழகியதும் பிள்ளையார்பட்டி, பிறகு திருப்பத்தூர், மேலூர், கடைசியில் மதுரை. படபடப்பு வந்தால் இடையில் இறங்கக் கூடாது, அது தணியும்வரை இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. திருப்பத்தூர்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது, ஏனென்று இன்றும் தெரியவில்லை. யாரோ கொடுத்து, சட்டைப்பையில் ஒரு காவலாக வைத்திருந்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது கடைசிப் படியாக இருந்தது. இப்போது மாதந்தோறும் மதுரைக்குப் போய்வருகிறேன். எப்போதாவது மேலூர் அருகே நெஞ்சு துள்ளும், துள்ளட்டும் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரு கேள்வி உண்டு. நாள் முழுதும் எங்களைப் போன்றவர்களின் பதற்றத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனநலப் பணியாளர்களே, உங்களில் ஒருவருக்கே இது வந்தால் யாரிடம் போவீர்கள்?

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் காத்திருப்பது பரம்பரையாக வந்த வேலை. என் ஐயா, அதாவது தாத்தா, கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன இடம் பர்மா. 1942-இல் ஜப்பானியப் படை அங்கே நுழைந்தபோது, கடிதம் வராத அந்த மாதங்களில் ஆயா (பாட்டி) முகப்பிலேயே உட்கார்ந்திருந்ததை என் ஆத்தா (அம்மா) சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குக் காரணம் இருந்தது. சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கும் என் மகன் அரைமணி நேரம் அலைபேசியை எடுக்கவில்லை என்றால் எனக்கு வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் ஏதும் இல்லை, ஆனாலும் பிசைந்தது.

உள்ளூரில் சிலர் விபூதி மந்திரித்துக் கொடுத்தார்கள், அதையும் பூசிக்கொண்டேன். குடும்ப மருத்துவர் கைநடுக்கத்தையும் உடல் இளைத்ததையும் பார்த்துத் தைராய்டுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். சுரப்பு மிகுந்திருந்தது. தைராய்டு மிகுந்தாலும் படபடப்பு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். ஆகவே பதற்றம் என்று எதையும் மனத்தின் மேலேயே போட்டுவிடாமல், இரத்தச்சோகையையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று என் வயதுப் பெண்களிடம் சொல்லி வருகிறேன்.

சிகிச்சைக்குப் பிறகு நடுக்கம் போயிற்று. கவலை மட்டும் பாதி தங்கிவிட்டது. அதற்கு ஆலோசகர் சொன்ன வழி எனக்கு முதலில் விளையாட்டாகத் தோன்றியது. மாலை நான்கு மணி முதல் நாலரை வரை கவலைப்படுவதற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் எழும் கவலையை ஒரு நோட்டில் ஒரு வரியாகக் குறித்துவைத்து, அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். நான்கு மணிக்கு நோட்டைத் திறந்தால், காலையில் என்னை உலுக்கியவற்றில் பல அப்போது உப்பில்லாமல் போயிருக்கும். மகனும் நானும் பேசி, சேர்ந்ததும் செய்தி, புறப்பட்டதும் செய்தி என்ற பழக்கத்தை நிறுத்திக்கொண்டோம். முதல் சில வாரங்கள் மிகவும் கஷ்டப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

காரைக்குடி, மருத்துவ உளவியலாளர்

தேவகோட்டை அண்ணனின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். எங்களுக்கும் வரும். எனக்கு வந்தது.

என்னிடம் வந்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் உயிரை விட்டுவிடும் எண்ணத்தைச் சொன்னார். அவருடைய குடும்பத்தாரும் மனநல மருத்துவரும் உடனே சேர்ந்து கவனித்ததால் அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அதன் பிறகு, இரவில் அலைபேசி ஒலித்தாலே எனக்கு அடிவயிறு இறுகியது. படுக்குமுன் அன்றைய குறிப்புகளை எடுத்து, எதையாவது கவனிக்காமல் விட்டோமா என்று வரிவரியாகப் படிப்பேன். படித்து முடித்ததும் தூக்கம் வராது, மறுபடியும் படிப்பேன். அப்படிப்பட்ட எண்ணம் உள்ளவர்கள் புதிதாக வந்தால் மதுரைக்கு அனுப்பிவிடவே மனம் விரும்பியது. அண்ணன் மதுரைப் பேருந்தைத் தவிர்த்ததும் இதுவும் ஒரே நோய்தான், என் குறிப்பேடுதான் அவருடைய இசிஜி.

படித்திருப்பதால் காப்பு கிடைத்துவிடும் என்று வெளியார் நினைக்கிறார்கள். நடைமுறையில் அந்தப் படிப்பே சில நேரம் தடையாகிறது. பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்ற, 2006-இல் வெளியான ஏழு கேள்விகள் கொண்ட தாளைப் பயன்படுத்துகிறோம். மொத்தம் 21 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் தனக்குத்தானே அதை நிரப்பும்போது, 'பாதிக்கும் மேற்பட்ட நாள்கள்' என்ற கட்டத்தை நோக்கிப் போகும் கை 'சில நாள்கள்' என்பதில் நின்றுவிடுகிறது. எனவே இன்னொருவர் கேட்க, நாம் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த இன்னொருவரைத் தேடுவதுதான் எங்கள் பக்கத்தில் பெரும் சிக்கல். திங்கட்கிழமை என் அறையில் அழுதவரை வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோயிலில் பார்க்கும் ஊர் இது. சிகிச்சை பெறும் எவருடைய விவரமும் வெளியே போகாமல் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை, அது எனக்கும் பொருந்தும். ஆனால் இன்னொரு மருத்துவரின் வாசலில் நான் காத்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'இவங்களுக்கே இப்படியா' என்று ஊர் பேசுவதைச் சட்டம் தடுக்காது. ஆகவே வேறு ஊரில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் காணொளி வழியாகப் பேசத் தொடங்கினேன்.

விடுப்பு எடுத்து ஓய்ந்திருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் முதலில் இரண்டைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். 1974-இல் ஃப்ராய்டன்பெர்கர் எழுதிய 'பர்ன்அவுட்' என்ற பணிச்சோர்வு ஒன்று: வேலையில் பற்று வற்றி, வருகிறவர் யாராக இருந்தாலும் சரி என்ற மரப்பு வரும், அதற்கு ஓய்வும் பணிச்சுமைக் குறைப்பும் வேண்டும். பிறர் துயரத்தைத் தொடர்ந்து கேட்பதால், உலகம் ஆபத்தானது என்ற உணர்வு கேட்பவருக்குள்ளேயே படிவது மற்றொன்று: 1990-இல் மக்கேனும் பெர்ல்மனும் விவரித்தது அது. எனக்குப் பற்று வற்றவில்லை, எச்சரிக்கை மணிதான் ஓயாமல் அடித்தது. இந்த நிலையில் நீண்ட விடுப்பு எனக்குத் தவிர்ப்பாகவே முடிந்திருக்கும், திரும்பி வரும் நாளின் அச்சத்தைக் கூட்டியிருக்கும். எல்லாருக்கும் 'கொஞ்சம் ஓய்வெடுங்கள்' என்று ஒரே அறிவுரை சொல்வதை நான் அதன் பிறகு அறவே விட்டுவிட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் குறிப்பேட்டைத் திறப்பதில்லை என்று முடிவாயிற்று. நெருக்கடி என்றால் வருகிறவர் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுக்கிறேன். நான் ஒருத்தியே இரவு முழுதும் விழித்திருக்கும் ஏற்பாடு இனி இல்லை. தற்கொலை எண்ணத்தோடு வந்த ஒருவரை மறுபடியும் ஏற்று, ஒவ்வொரு சந்திப்பையும் அந்த மூத்தவரிடம் பெயர் சொல்லாமல் கலந்து பேசினேன். வயிறு இறுகத்தான் செய்தது. இறுக்கத்தோடேயே எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்க முடிந்தது.

திருப்பத்தூர், அரசு மருத்துவமனைச் செவிலியர்

நான் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் உடனே கேட்கும் சில மாத்திரைகள், தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும்; திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இன்னும் கடுமையாகத் திரும்பும். சீட்டு இல்லாமல் கையில் மாத்திரை கிடைக்கும் இடத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இந்த ஆபத்து மற்றவரைவிட அதிகம். மனநல மருத்துவர் எனக்கு எழுதிக் கொடுத்தது, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை. அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டலும் சிறிது கூடுதல் படபடப்பும் வரலாம் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் பாதியில் விடாமல் இருந்தேன்.

காரைக்குடி, மருத்துவ உளவியலாளர்

செவிலியர் தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசின் டெலி மனாஸ் சேவையின் 14416 என்ற எண்ணைப் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் பலர், அதைத் தாங்களும் அழைக்கலாம் என்று எண்ணுவதில்லை. இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இதே பணியில் இருப்பவர்கள் சிலர் மாதம் ஒருமுறை காணொளியில் கூடிப் பேசி வருகிறோம். பள்ளியிலோ கல்லூரியிலோ தனியாக ஆலோசகராக இருந்து, பேச ஆளில்லாமல் இருப்பவர்கள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.