செக்வே ஐ2: உட்கார்ந்து ஓட்டும்போது கைப்பிடி அதிர்ந்து வண்டி அணைகிறது, உதவுங்கள்

கேள்வி: அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (தசை இறுக்கமும் தளர்ச்சியும் தரும் நரம்பு நோய்). அவருக்காக இருக்கை பொருத்திய பழைய செக்வே ஐ2 (நின்று ஓட்டும், தானே சமநிலை காக்கும் இருசக்கர மின்வண்டி) வாங்கினோம். சமதரையிலேயே கைப்பிடி அதிர்ந்து, வண்டி அணைந்து, கவிழாமலிருக்க முன்னால் பொருத்திய தாங்கியில் சாய்கிறது. இடப்பக்கம் இழுக்கவும் செய்கிறது. முழு சார்ஜோடு வாசல் சரிவில் இறங்கினால் வேறு எச்சரிக்கை வருகிறது. மிதிபலகையில் எடையைக் கட்டிவைத்தால் அணையாது என்கிறார்கள். செய்யலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம். மிதிபலகையின் ரப்பர் விரிப்புக்கு அடியில் இருக்கும் நான்கு சென்சார்களை வைத்துத்தான் ஆள் மேலே இருப்பது வண்டிக்குத் தெரியும். எடை கட்டினால், அண்ணன் விழுந்த பிறகும் வண்டி அணையாமல் தானே சமநிலையில் உருண்டு போகும்.

உட்கார்ந்தவரின் எடை இருக்கைக்குப் போய்விடுவதால் பாதம் லேசாகத்தான் அழுத்தும். தசை இறுகிக் குதிகால் கொஞ்சம் எழும்பினாலே ஆள் இறங்கிவிட்டதாக வண்டி எடுத்துக்கொள்ளும். இருக்கையை 2, 3 செ.மீ. இறக்குங்கள், தொடையின் எடையும் பாதத்துக்கு வரும். ஆனால் புட்டத்தில் அழுத்தம் கூடும், தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். விரிப்பைக் கழற்றி அடியில் மண் சேர்ந்திருந்தால் துடையுங்கள். பாதம் நழுவாமலிருக்க ஓரத்தில் தாழ்வான தடுப்பு போதும். பட்டையால் கட்டினால் விழும்போது கால் வண்டியோடு மாட்டிக்கொள்ளும்.

பதில் 2: இழுப்புக்குக் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐ2 டயருக்கு 15 பிஎஸ்ஐ, இரண்டிலும் சமமாக. கார் கேஜ் இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டாது. காற்று சரியாக இருந்தும் இழுத்தால் இருக்கை நடுவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஓரமாக இருந்தால் கை தானாகக் கைப்பிடியைச் சாய்க்கும், சாய்த்த பக்கம் வண்டி திரும்பும்.

சரிவு விஷயம் வேறு. இதில் தனி பிரேக் கிடையாது. இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது, நிறைந்த பேட்டரியால் அதை வாங்க முடியாது. முதலில் சமதரையில் கொஞ்சம் ஓட்டிவிட்டுச் சரிவில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்: இருக்கையை இறக்கினோம், அதிர்வு நின்றது. நன்றி! இப்போது நிறுத்தினால் பின்னால் ஊர்கிறது.

பதில் 1: எடை சக்கர அச்சுக்குப் பின்னால் விழுகிறது. வண்டியை அணைத்து, தாங்கிகளில் நிறுத்தி, இருக்கையை 1 செ.மீ. முன்னால் தள்ளி போல்ட்டை இறுக்குங்கள். இருவர் பிடித்துக்கொள்ள, அண்ணன் கையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்காரட்டும். இன்னும் ஊர்ந்தால் மறுபடி அணைத்து இருக்கையை இதேபோல் நகர்த்துங்கள், ஊராமல் நிற்கும் வரை. ஆள், இருக்கை, பை எல்லாம் சேர்த்து 117 கிலோவைத் தாண்டக் கூடாது.