ஜப்பானிய மொழியில் பணம் பற்றிய சொற்கள் மட்டும் மனதில் நிற்கவில்லை

கேள்வி: புதுஎழுத்து

11 மாதமாக ஜப்பானிய மொழி படிக்கிறேன். ஆசிரியர் கிடையாது. ஒரு பாடநூல், நானே வெட்டி எழுதிய அட்டைகள், தினமும் காலையில் 40 நிமிடம், அவ்வளவுதான். குடும்பம், உடல், வானிலை பற்றிய சொற்கள் ஓரளவு தங்கிவிட்டன. பணம் பற்றிய பாடத்தில்தான் திணறுகிறேன். வாங்க 'கௌ', விற்க 'உரு', கடன் கொடுக்க 'கசு', கடன் வாங்க 'கரிரு', சொத்துக்கு 'ஜைசன்', வங்கிக்கு 'கின்கோ' என்று மொத்தம் 32 சொற்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் தடங்கலில்லாமல் சொன்னேன். வியாழக்கிழமை அட்டைகளை எடுத்தால் 9 தான் வந்தன. அதிலும் கசுவும் கரிருவும் இடம் மாறிவிட்டன.

எழுத்தைப் பார்த்துப் பிடிக்கலாம் என்றால், பாதி எழுத்துகளில் ஒரே உருவம்: ஒரு கட்டம், உள்ளே இரண்டு கோடு, கீழே இரண்டு கால்.

இந்த மொழியில் வாசிக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. விட மனமில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில்: சோழிமணி

உங்களைக் குழப்பும் அந்தக் கட்டத்தைத்தான் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது சோழி! தனியாக நின்றால் 'கை' என்று வாசிப்பார்கள். சிப்பி என்று பொருள்.

இந்த எழுத்துகள் பிறந்த சீனாவில், சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர் காலத்தில் சோழிதான் செல்வம். ஆன்யாங்கில் 1976-இல் தோண்டிய ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் 6,000-க்கும் மேற்பட்ட சோழிகள் கிடைத்தன. கடலுக்கு வெகு தொலைவில் உள்ள இடம் அது. அத்தனை தூரம் கடந்து வந்த பொருளுக்கு மதிப்பு ஏறாமல் இருக்குமா? விலை, வாணிகம், சொத்து என்று எதை எழுதினாலும் சோழி வந்து ஒட்டிக்கொண்டது இப்படித்தான். 'கௌ' எழுத்தில் மேலே வலை, கீழே சோழி. ஏழ்மையைக் குறிக்கும் 'மஜுஷீ'யில் மேலே 'பங்கிடு', கீழே சோழி. 'உரு'வில் மட்டும் இன்று சோழியைக் காண முடியாது. எழுத்தை எளிமையாக்கியபோது எடுத்துவிட்டார்கள். பழைய வடிவத்தில் இருந்தது.

பிறகு வந்த சொற்களில் உலோகம் ஏறுகிறது. 'கின்கோ'வின் முதல் எழுத்து வெள்ளி. 'கனே' என்றால் உலோகம், பணம் இரண்டும். பணத்தாளுக்கு 'ஷிஹேய்': முதல் எழுத்து காகிதம், இரண்டாம் எழுத்தின் அடியில் துணி. ஆமாம், துணியும் ஒரு காலத்தில் பணமாகப் புழங்கியது. 1871-இல் வந்த நாணயத்தின் பெயரான 'என்' என்பதற்கு வட்டம் என்று பொருள்.

பண்டம் போனாலும் சொல்லில் அது தங்கிவிடும். லத்தீனில் கால்நடைக்கு 'பெகுஸ்', பணத்துக்கு 'பெகூனியா'. தமிழில் மாடு என்றாலே செல்வம்தான். குறள் 'மாடல்ல மற்றை யவை' என்று சொல்வது அந்த மாட்டைத்தான்.

32 அட்டைகளையும் சோழி, துணி, உலோகம், காகிதம் என்று பிரித்து அடுக்கிப் பாருங்கள்.

பதில்: ஐந்தாம்பெட்டி

சோழிமணி சொன்னதை ரசித்துப் படித்தேன். ஆனால் ஞாயிறுக்கும் வியாழனுக்கும் நடுவில் அட்டையை எடுத்தீர்களா என்று யாரும் கேட்கவில்லையே! எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே வேகமாக நடந்துவிடுகிறது, அப்புறம் மெதுவாகிறது என்று கண்டார். எனவே திங்கள் காலை ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

நான் செய்வது லைட்னர் 1972-இல் எழுதிய பெட்டி முறை. 5 பெட்டிகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். பின்னால் உள்ள பெட்டியைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இன்னொன்று: தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து, ஜப்பானியச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். வெறுமனே வாசித்துக்கொண்டே போனால் தெரிந்ததுபோலத் தோன்றும், தேவைப்படும்போது வராது.

பதில்: ஒலிபிடிப்பவர்

எழுத்துக்குள் ஒலியும் இருக்கிறது. சோழியை மூடிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். 'ஜைசன்' முதல் எழுத்தில் மிச்சம் 'சை'. நாணயம், பணம் என்ற 'கஹேய்' முதல் எழுத்தில் மிச்சம் 'க'. விற்பனை என்ற 'ஹன்பாய்' முதல் எழுத்தில் மிச்சம் 'ஹன்'. சோழி பொருளைச் சொல்லும், மற்றது ஒலியைச் சொல்லும். எல்லா எழுத்திலும் இவ்வளவு சுத்தமாக அமையாது. சீனத்திலிருந்து வந்த வாசிப்புக்குத்தான் இது உதவும். கௌ, கசு போன்ற ஜப்பானியரின் சொந்தச் சொற்களுக்கு எழுத்தில் குறிப்பு இருக்காது.

அதற்கு உங்கள் காதில் ஏற்கெனவே உள்ள சொல்லைப் பிடியுங்கள். 'கசு' என்றால் கடன் கொடுப்பது. கொடுப்பது எதை? காசை. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை, ஒலி மட்டும் பொருந்துகிறது. நினைவுக்கு அது போதும். ஆனால் ஒரு உண்மையான உறவும் இருக்கிறது: நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாணயங்களை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றார்களே, அது நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போனது.

புதுஎழுத்து, 2 வாரம் கழித்து:

மூவருக்கும் நன்றி. திங்கள் காலைப் பார்வையைத் தவறவிடவில்லை. இன்று 32-இல் 27 வந்தன. கசு இனி மறக்காது. 'கின்கோ'வைச் சொல்லும்போது வெள்ளிக் கட்டிதான் கண்ணில் தெரிகிறது.

கரிரு மட்டும் நழுவுகிறது. அதில் சோழி இல்லை: இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் 'முற்காலம்'. இப்போதைக்கு 'எப்போதோ கடன் வாங்கிப் போன மனிதன்' என்று அட்டையின் பின்னால் எழுதி, முதல் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒலிக்குத்தான் பிடி வேண்டும். தமிழில் 'கரிரு'வுக்கு அருகில் வரும் சொல் யாருக்காவது தோன்றுகிறதா?