டிராக்டரில் கியர் அரைத்துக்கொண்டு விழுகிறது: கிளட்சா, கியர் பாக்ஸா? மொத்தமாக 42,000 கேட்கிறார்கள்

பர்கூர்_மாந்தோப்பு:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 45 எச்.பி., டூயல் கிளட்ச் (வண்டி ஓட ஒரு பிளேட், ரோட்டவேட்டர் சுழல ஒரு பிளேட்), 8 முன் 2 பின் கியர், மீட்டரில் 3,200 மணி. மாங்காய் சீசனில் டிரெய்லர் கட்டி பெங்களூரா ரகக் காய் ஏற்றிக்கொண்டு கூழ் ஆலைக்கு ஓட்டம். இப்போது தோப்பில் ரோட்டவேட்டர்.

ரிவர்ஸும் முதல் கியரும் கர்ரென்று அரைத்துத்தான் விழுகின்றன. இன்ஜினை அணைத்துவிட்டால் எல்லாக் கியரும் தடையில்லாமல் விழுகின்றன. மேட்டில் இழுவை குறையவில்லை. ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவதும் இல்லை.

பட்டறையில் "கியர் பாக்ஸ் போயிடுச்சு, இறக்கணும், கிளட்சையும் சேர்த்து மாத்திடலாம்" என்று 42,000 ரூபாய் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். பிரிப்பதற்கு முன்பே எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வழி உண்டா? பணத்தை எப்படிப் பேசுவது?

அரூர்_உழவுவண்டி:

அண்ணா, இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் விழுகிறது என்றால் கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம், இப்போதைக்கு. கியரைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருந்தாலோ, அது நகரும் ரெயில் இறுகியிருந்தாலோ, லீவர் முனை தேய்ந்திருந்தாலோ இன்ஜின் நின்றாலும் கியர் தகராறு செய்யும். கியரை விழுந்த இடத்தில் பிடித்து நிறுத்தும் டீட்டென்ட் ஸ்பிரிங்கோ குண்டோ போயிருந்தால் கியர் கழன்று வரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. இன்ஜின் ஓடும்போது மட்டும் அரைக்கிறது என்றால், கிளட்ச் மிதித்த பிறகும் கியர் பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஏன் சுற்றுகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் பெடல். கையால் லேசாக அழுத்தி, எதிர்ப்பு தெரியும் வரை எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் 20 முதல் 30 மி.மீ. ஃப்ரீ ப்ளே இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இது அதிகமானால், முழுக்க மிதித்தாலும் கிளட்ச் பிளேட்டைப் பிரிக்கும் ஃபிங்கர் போதுமான தூரம் நகராது, பிளேட் ஒட்டிக்கொண்டே இருக்கும். குறைந்தால் நேர் எதிர்: கிளட்ச் ஸ்லிப் ஆகும், பிளேட் கருகும். பிளேட் தேயத் தேய ஃப்ரீ ப்ளே குறையத்தான் செய்யும். அதனால் அளவு கூடியிருந்தால் பிளேட்டைச் சந்தேகிக்கும் முன் ராடு, பின், புஷ் எல்லாவற்றையும் பாருங்கள். பின் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்தால் பெடல் இறங்கும், ஆனால் கிளட்ச் ஃபோர்க் அசையாது. அந்த ஃபோர்க்கைத் திருப்பும் கிராஸ் ஷாஃப்டில் பூட்டுச் சாவி வெட்டுப்பட்டிருந்தாலும் இதேதான். ஒரு பின்னும் ஒரு புஷ்ஷும் போட்டால் தீரும் வேலைக்கு வண்டியை இரண்டாகப் பிரித்த பட்டறைகள் நம் பக்கத்தில் நிறைய.

அட்ஜஸ்ட் செய்த பிறகு இன்ஜினை ஐடிலில் வைத்து, ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாஃப்டின் லீவரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை அடிவரை மிதித்து மெதுவாக ஐந்து எண்ணி, மிதித்தபடியே ரிவர்ஸ் போடுங்கள். உடனே போட்டால் அரைத்து, ஐந்து எண்ணியபின் அமைதியாக விழுந்தால் பெரிய கோளாறு இல்லை. காத்திருந்தும் அரைத்தால் ஏதோ ஒன்று ஷாஃப்டை இழுக்கிறது.

அடுத்தது தள்ளிப் பார்ப்பது. சமதளத்தில், எந்தக் கருவியும் மாட்டாமல், இன்ஜினை அணைத்து, ஹை ரேஞ்சில் டாப் கியரில் போட்டு, ஒருவர் கிளட்சை முழுக்க மிதிக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளட்டும். நகரவே இல்லை என்றால் பிளேட் பிரியவில்லை. இதை லோ முதல் கியரில் செய்யாதீர்கள். அந்த விகிதத்தில் கிளட்ச் நன்றாகப் பிரிந்திருந்தாலும் வண்டி அசையாது, கிளட்ச் மேல் வீண் பழி விழும்.

கடைசியாகக் காது. பெடலை லேசாகத் தொட்டவுடனே, நியூட்ரலில்கூட, கீச்சென்று கேட்டால் அது ஃபிங்கரை அழுத்தும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்று, விட்டால் வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். நியூட்ரலில் இல்லாமல், கிளட்சை மிதித்துக் கியரில் போட்டு நிற்கும்போது மட்டும் முனகல் கேட்டால் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் நடுவில், இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்.

லேத்து_கிருஷ்ணகிரி:

மேலே சொன்னது சரி. இரண்டு சோதனை சேர்க்கிறேன், இரண்டும் செலவில்லாதவை.

கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எண்ணெய் சொட்டுகிறதா பாருங்கள். கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் இன்ஜின் பின் சீல். வெளிர் நிறமாக, கெட்டியாக இருந்தால் கியர் பாக்ஸ் முன் சீல். சேற்று உழவுக்குப் போகும் வண்டிகளில் அந்த ஓட்டைக்குப் பிளக் போடுவார்கள், அதை அப்படியே விட்டால் உள்ளே எண்ணெய் தேங்கி பிளேட்டை நனைக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. பிளக் இருந்தால் கழற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, கியர் பாக்ஸ் டிரெயின் பிளக். அதன் நுனியில் காந்தம் இருக்கும் மாடல் என்றால், சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். நகக்கண் அளவு சில்லுகளோ, பல் துண்டோ வந்தால்தான் பெட்டியைத் திறக்கும் பேச்சு. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பர்கூர்_மாந்தோப்பு:

சோதித்தாயிற்று, ரொம்ப நன்றி அண்ணா. ஃப்ரீ ப்ளே 48 மி.மீ. இருந்தது, ராடு பின் தேய்ந்திருந்தது. பின்னை மாற்றி 25-க்கு வைத்த பிறகு அரைப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, ஆனால் ஐந்து எண்ணினாலும் ரிவர்ஸில் கொஞ்சம் இருக்கிறது. டாப் கியரில் தள்ளினால் வண்டி உருள்கிறது. கிளட்ச் மிதித்துக் கியரில் நிற்கும்போது மட்டும் முனகல். நியூட்ரலில் இல்லை. ஓட்டையில் எண்ணெய் இல்லை. காந்தத்தில் பசை மட்டும், சில்லு இல்லை.

அரூர்_உழவுவண்டி:

அப்படியென்றால் பைலட் பேரிங் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. தள்ளும்போது உருண்டதை வைத்துக் கிளட்ச் முழுக்கச் சுத்தம் என்று முடிவு செய்ய வேண்டாம். இரண்டு டன் வண்டியைத் தள்ளும் பலத்துக்கு முன் அந்தச் சின்ன உராய்வு தெரியாது. ஆனால் நியூட்ரலில் இன்புட் ஷாஃப்டுக்குச் சுமையே இல்லை. கிரீஸ் வறண்டு துருப்பிடித்த பைலட் பேரிங் லேசாகப் பிடித்தாலே ஷாஃப்ட் ஃபிளைவீலோடு சேர்ந்து சுற்றும், கியர் அரைக்கும். பிளேட் கொஞ்சம் நெளிந்திருந்தாலும், மூன்று ஃபிங்கர்களின் உயரம் ஏறுமாறாக இருந்தாலும் அதே அறிகுறி வரும். எதுவானாலும் இன்ஜினுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் இடையே பிரித்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கியர் பாக்ஸ் மூடியபடியே இருக்கட்டும்.

லேத்து_கிருஷ்ணகிரி:

பணத்துக்கு வருவோம். 42,000 என்ற ஒற்றை வரியை ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: பிரித்துப் பூட்டும் கூலி, உதிரி பாகம் ஒவ்வொன்றும் பார்ட் நம்பரோடு, லேத் வேலை, எண்ணெய். பிரித்தபின் உங்களைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுத வையுங்கள். பழைய பாகம் முழுவதும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

எண்ணெய் வரியில் கவனம். இந்த இடத்தில் பிரிக்கும்போது பெரும்பாலான மாடல்களில் கியர் பாக்ஸ் எண்ணெயை இறக்க வேண்டியதே இல்லை. உங்கள் மாடலும் அப்படியென்றால், முழு அளவு எண்ணெய் ஏன் பில்லில் ஏறியது என்று கேட்கலாம்.

கூலிதான் பெரிது, பேரிங் சில்லறை. அதனால் ஒருமுறை பிரித்தால் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் இரண்டையும் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பின் சீலில் ஈரம் தெரிந்தால் அதையும். கிளட்ச் பிளேட்டை மட்டும் அளந்து முடிவு செய்யுங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் நன்றாக இருந்து, பிளேட் நெளியாமல், ஹப் ஸ்பிரிங் ஆடாமல் இருந்தால் மறுபடி போடலாம். டூயல் கிளட்சில் பி.டி.ஓ. பிளேட்டும் தனியாக உண்டு, ரோட்டவேட்டர் வண்டியில் அதைப் பார்க்காமல் மூடாதீர்கள். லைனிங் மாற்றி ஒட்டிய பழைய பிளேட்டைப் புதுசு விலைக்குத் தருவதும் நடக்கிறது, பெட்டியும் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் பார்த்து வாங்குங்கள்.

ஃபிளைவீலில் நீலப் புள்ளியும் முடி போன்ற விரிசலும் இருந்தால் லேத்தில் முகத்தைச் சீவி ஃபேஸிங் செய்ய வேண்டும். கிண்ணம் மாதிரி குழிவான ஃபிளைவீல் என்றால், பிளேட் உட்காரும் முகத்தில் எவ்வளவு வெட்டுகிறோமோ அதே அளவு கிளட்ச் கவர் உட்காரும் முகத்திலும் வெட்ட வேண்டும். பிளேட் முகத்தை மட்டும் வெட்டினால் பிரஷர் குறைந்து புதுக் கிளட்ச் ஸ்லிப் ஆகும். லேத்துக்குக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

மொரப்பூர்_டிரைவர்:

ஜி.எஸ்.டி. பற்றி யாரும் எழுதவில்லை. 22.9.2025 முதல் டிராக்டருக்கான கிளட்ச் அசெம்பிளிக்கும் கியர் பாக்ஸ் பாகங்களுக்கும் வரி 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பேரிங்குக்கு 18 அப்படியே இருக்கிறது, பில் போடும் பட்டறையின் கூலிக்கும் 18. பழைய ஸ்டாக்கில் பழைய எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும், குறைந்த வரியில் பில் கேளுங்கள்.

அரூர்_உழவுவண்டி:

நல்ல தகவல் தம்பி.

பர்கூர் அண்ணா, பிரிக்கும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். பாட்டரி வயரைக் கழற்றிய பிறகு, முன் ஆக்ஸிலுக்கும் சப்போர்ட்டுக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடிக்க வேண்டும். முன்பாதி நடுப்பின்னில் மட்டும் நிற்கும், ஆப்பு இல்லாமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாயும், ஆளைக் கொல்லும். இதில் அவசரமே கூடாது.

சேர்க்கும்போது பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தட்டும். இரு பாதியும் கையால் தள்ளி முழுக்கச் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முடுக்கி இழுத்தால் ஷாஃப்ட் முனை ஹப்பில் முட்டிப் பிளேட் நெளியும், புதுப் பிளேட்டே முதல் நாளிலிருந்து அரைக்கும். கியர் பாக்ஸ்தான் கோளாறு என்று இரண்டாவது பில் அங்கேதான் பிறக்கிறது.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் ரோட்டவேட்டரோடு அரைமணி ஓட்டிச் சூடேற்றி, ரிவர்ஸையும் முதல் கியரையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்து, சூட்டில் அரைத்தால் ஃபிங்கர் உயரத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 50 மணி ஓடியதும் ஃப்ரீ ப்ளேயை மீண்டும் அளந்து வையுங்கள்.