சிற்றூர்தியா, வட்டார விமானமா?

குழுவினருக்கு வணக்கம்.

விமானப் பயணிகளிடம் கொடுக்கப்போகும் கருத்துப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். நான்காம் கேள்வியைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே ஊருக்கு, ஒரே கட்டணத்தில், ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள்: ஒன்று பெரிய ஜெட், இன்னொன்று குறைந்த தொலைவுக்கென்றே செய்த, 70 இருக்கை கொண்ட ரீஜனல் வகை. எதில் ஏறுவீர்கள்? இந்த இரண்டாவதற்குத்தான் சொல் வேண்டும். ‘சிறு விமானம்’ என்று எழுதி அக்காவிடம் படித்துக் காட்டினேன். “நான்கு பேர் உட்காருவார்களே, அதுவா? சும்மா கொடுத்தாலும் ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

– மீ.

*

அன்புத் தங்கைக்கு,

முதலில் ‘விமானம்’ என்ற வடசொல்லை விடுங்கள். கோயில் கருவறைக்கு மேல் இருக்கட்டும். நம்மிடம் ஊர்தி இருக்கிறது. சிறுமை + ஊர்தி: ஈறு போய், தன்னொற்று இரட்டிச் ‘சிற்றூர்தி’. பெருமை + ஊர்தி: ஈறு போய், ஆதி நீண்டு ‘பேரூர்தி’. நன்னூல் 136ஆம் நூற்பா ஒன்றே போதும். பேருந்தும் சிற்றுந்தும் இப்படித்தான் வந்து நிலைத்தன. மேலும் ஒரு நயம் பாருங்கள்: சிற்றூருக்குப் போகும் ஊர்தியும் சிற்றூர்திதான். இரட்டுற மொழிதல்!

– அ.க.

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

ஊர்வது தரையில் நடப்பதல்லவா? வானத்தில் எது ஊரும்?

– செ.

*

தம்பி, ஊர்தல் என்றால் நத்தை ஊர்வது மட்டுமில்லை. ஏறிச் செல்வதும் ஊர்தலே. ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்கிறது குறள் 37. அங்கே ஊர்ந்தவன் பல்லக்கின் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். புறநானூறு 27இல் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருவதையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் குழுவில் எந்த விமான இழையும் முடிந்ததில்லை.

– அ.க.

*

முப்பது ஆண்டு விமானப் பராமரிப்பில் கை கறுத்தவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன்.

‘சிறு’ என்பதே தகராறு. எம்ப்ரேயர் ஈ195-ஈ2 விமானத்தில் 146 பேர் வரை அமரலாம். அது ரீஜனல் வகையைச் செய்யும் நிறுவனத்தின் விமானம். ஏர்பஸ் ஏ318 அதைவிடச் சிறியது; ஆனால் அது ‘பெரிய’ ஏ320 குடும்பத்துப் பிள்ளை. சிற்றூர்திக்கும் பேரூர்திக்கும் நடுவே கோட்டை எங்கே கிழிப்பீர்கள்?

பயணிகள் அஞ்சுவது அளவைக் கண்டு மட்டுமில்லை. வெளியே சுற்றும் விசிறியைக் கண்டு அஞ்சுகிறார்கள். ஏடிஆர் 72 என்னும் ரீஜனல் விசிறி விமானத்தின் ஏணிப்படியில் எத்தனை பேர் என்னிடம் “இது பழைய வண்டியா?” என்று கேட்டிருப்பார்கள்! உள்ளே இருப்பது ஜெட்டில் உள்ள அதே எரிவளிச் சுழலி (கேஸ் டர்பைன்). ஜெட்டில் அது உறைக்குள் இருக்கும் விசிறியைச் சுற்றுகிறது. ஏடிஆரில் வெளியே இருக்கும் ஆறு இதழ் விசிறியைச் சுற்றுகிறது. இன்றைய பயணிகள் ஜெட்டிலும் உந்துவிசையின் பெரும்பங்கு முன்விசிறியிலிருந்துதான் வருகிறது. பெயர் வைப்பதானால் விசிறி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

குலுக்கல் இருப்பதை மறுக்கவில்லை. எடை குறைந்ததைக் காற்று எளிதில் ஆட்டும். மேகத்துக்கு மேலே ஏறித் தப்பலாம் என்றால் ஏடிஆருக்கு 25,000 அடிதான் உச்சி.

– ந.வே.

*

ஆகா! உள்ளே விசிறி: அகவிசிறி. வெளியே விசிறி: புறவிசிறி. அகமும் புறமும்! இதைவிட வேறென்ன வேண்டும்?

– அ.க.

*

அப்படியானால் இரட்டை நடைவழி கொண்ட பேருடல் விமானம் பெருந்திணையா, ஐயா? அதன்மேல் பயணிகள் வைத்திருக்கும் காதலைக் கைக்கிளை என்று வைத்துக்கொள்ளலாம்.

– செ.

*

அடிக்கடி பறப்பவள் என்ற முறையில் என் பங்கு.

போன மாதம் இப்படி ஒரு புறவிசிறியில் போனேன். ஏறும் வழி வாலில் இருந்தது. என் பெட்டி ஜெட்டில் எப்போதும் தலைக்கு மேல் தட்டில் அடங்கும். இங்கே பாதி நுழைந்து நின்றுவிட்டது. பணிப்பெண் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக் கீழே அனுப்பினார். மடிக்கணினி உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தபோது கதவு மூடியாகிவிட்டது. முன்வரிசை கிடைத்ததென்று மகிழ்ந்தேன். விசிறி என் காதருகில்தான் சுற்றியது. ஏடிஆரில் பின்வரிசையே அமைதி என்று யாரும் முன்பே சொல்லவில்லை.

ஆனால் இறங்கியது ஐந்தே நிமிடத்தில். நடு இருக்கை என்ற தண்டனையும் இல்லை. வரிசைக்கு இரண்டும் இரண்டும். பெரிய ஜெட்டில் மூன்று பேருக்கு நடுவே முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் போன பயணங்களை நினைத்துக்கொண்டேன். இன்னொன்று: பெரியதை ஒருமுறை நிரப்பும் கூட்டத்துக்குச் சிறியதை இரண்டு, மூன்று முறை விடலாம். எனக்கு வேண்டியது காலையிலும் மாலையிலும் புறப்படும் விமானம். ‘ஒரே நேரத்தில்’ என்று கேட்டு அந்தப் படிவம் அதை மறைத்துவிடுகிறதே!

– தே.

*

தே. அக்கா, படிவத்தை எழுதியது நானில்லை. அதில் கைவைக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் பேசப்பேச ஒன்று புரிகிறது. ‘சிறு’ என்றால் என் வீட்டு அக்காவைப்போல ஓடுவார்கள். ‘புறவிசிறி’ என்றால் விசிறியைத் தேடி அஞ்சுவார்கள். தவிர, ரீஜனல் வகையில் ஜெட்டும் உண்டு. ‘சிற்றூர்தி’ என்றால் சிற்றுந்து என்று நினைத்து டிக்டிக்கென்று டிக் அடிப்பார்கள். எந்தச் சொல்லை வைத்தாலும் பாதி விடையை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். எனக்கு வேண்டியது எந்தப் பக்கமும் சாயாத சொல்.

– மீ.

*

‘வட்டார விமானம்’. எழுபது பேரோ நூற்றைம்பது பேரோ, ஜெட்டோ விசிறியோ, அது ஓடும் தொலைவைத்தான் சொல்கிறது. வரிசையில் நிற்பவருக்கும் புரியும்.

– ந.வே.

*

வட்டாரம் என்றதும் எனக்கு வட்டார வழக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகமும்தான் நினைவுக்கு வருகின்றன. விமானத்தின் படியில் கோப்பு ஏந்திய எழுத்தர் நிற்பது போலிருக்கிறது. மாற்று இல்லாததால் என் வாக்கு அதற்கே.

– தே.

*

சரி, எனக்கும்.

– செ.

*

அனுப்பிவிட்டேன். ‘பெரிய ஜெட்’ என்பதிலிருந்த ‘பெரிய’வையும் எடுக்கலாமா என்று கேட்டேன், மூலத்தில் இருக்கிறது, தொடாதே என்றார்கள். ‘வட்டார விமானம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘சுமார் 70 பேர் அமர்வது’ என்று சேர்த்திருக்கிறேன். இறுதிப் படியைக் குழுவிலும் இட்டிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

– மீ.

*

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. சிற்றூர்தி பத்தாண்டு கழித்து வரும், பாருங்கள். நிற்க. ஒன்பதாம் கேள்வியில் ‘விசிறி சத்தம்’ என்றிருக்கிறது. விசிறிச் சத்தம். ஒற்று மிகும்.

– அ.க.