ஹூக்லெஸ் ரிம்மும் கொழும்பு வெயிலும்: ரயர் கழன்ற அனுபவங்களை இங்கே எழுதுங்கோ

வெள்ளவத்தை:

மரைன் டிரைவில் ஞாயிறு விடிய ஓடுகிற பலரின் சைக்கிளில் இப்ப கார்பன் வீல். அதில் கனக்க ஹூக்லெஸ். வாங்குகிறவருக்கு அது தெரியாது, விற்கிறவரும் வாய் திறப்பதில்லை. பழைய வகை ரிம்மின் விளிம்பில் ஹூக் என்று உட்பக்கமாக மடிந்த சின்ன உதடு ஒன்று இருக்கும். ரயரின் பீட், அதாவது ரிம்மில் இருக்கிற ஓர வளையம், அதில் கொளுவிக்கொண்டு நிற்கும். ஹூக்லெஸில் அந்த உதடு இல்லை, நேர்ச்சுவர்தான். பீட் நீளாமல் இறுக்கமாக இருக்கும்வரைதான் ரயர் உள்ளே இருக்கும்.

உங்களுடையது எது என்று பார்க்க ரயரைக் கழற்றி, ரிம்மின் உட்சுவரில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கோ. விளிம்புக்குக் கிட்ட நகம் தட்டுப்பட்டால் ஹூக் உண்டு. வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் இல்லை.

2024 பெப்ரவரியில் யூஏஈ சைக்கிள் சுற்றோட்டத்தில் லொட்டோ அணியின் தோமஸ் டி கென்ட் விழுந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரயர் ரிம்மை விட்டு முழுக்கக் கழன்று, உள்ளே போட்டிருந்த நுரைப் பட்டி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. கல்லொன்றில் அடிபட்டதுதான் காரணம் என்று தயாரிப்பாளர் பக்கம் சொன்னது. வீரர்கள் சங்கத் தலைவர் அடம் ஹான்சன் ஹூக்லெஸுக்கு எதிராகவே பேசினார். என்னைக் கேட்டால் கல்லை விட அளவுதான் பெரிய விஷயம். அந்த ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ., ரயர் 28 மி.மீ. புதிய தர அளவுப்படி 25 உள் அகலத்துக்குக் குறைந்தது 29 வேண்டும். கல்லில் அடிபட்டால் ரயர் வெட்டுப்படலாம், காற்றுப் போகலாம். ரிம்மை விட்டே வெளியே வரக்கூடாது.

கொழும்பில் இப்படிக் கழன்றதைக் கண்டவர்கள் ரிம் அகலம், ரயர் அகலம், காற்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கோ. அதில்லாமல் எழுதினால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

கொட்டாஞ்சேனை:

அண்ணா, திருத்த வருகிற வீல்களில் திரும்பத் திரும்பக் காண்கிற பிழை இது: உள் அகலம் 23 அல்லது 25, மேலே பழைய 25 ரயர், காற்று 95, 100 பிஎஸ்ஐ. ஹூக்லெஸுக்கு உச்சம் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. ரயரின் பக்கத்தில் 100, 110 என்று அடித்திருப்பார்கள், அதை நம்பி அடிக்கிறார்கள். ரிம்மில் ஒன்று, ரயரில் ஒன்று எழுதியிருந்தால் எது குறைவோ அதுதான் உச்சம்.

அதைவிட மோசம், ரியூப் போட்டு ஓடுகிற சாதாரண ரயரை ஹூக்லெஸில் ஏற்றுவது. அந்த பீட் காற்று ஏற ஏறக் கொஞ்சம் நீளும். ஹூக் இருந்தால் அது தாங்கிப் பிடிக்கும். இங்கே பிடிக்க ஒன்றுமில்லை. ரியூப் போட்டுத்தான் ஓடப்போகிறீர்கள் என்றாலும் ரயர் ரியூப்லெஸ் (ரியூப் இல்லாமலே காற்றுப் பிடிக்கிற) வகையாக, ஹூக்லெஸுக்கு ஏற்றது என்று எழுதியதாக இருக்க வேண்டும்.

ஏற்றும்போது: உள் அகலம் 25 என்றால் ரிம்மின் உள்ளே ஒட்டுகிற ரேப் 27 அல்லது 28 மி.மீ. சுவரோடு சுவர் ஒட்ட வேண்டும், நடுவில் காற்றுக் குமிழ் நிற்கக்கூடாது. பீட்டில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வல்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வல்வில் முடியுங்கோ. காற்று அடிக்கும்போது "டொக், டொக்" என்று இரண்டு பக்கமும் கேட்கும். சத்தம் கேட்டது போதாது. ரயரின் பக்கத்தில் ரிம்முக்கு மேலே மெல்லிய கோடொன்று ஓடும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி அந்தக் கோட்டைப் பாருங்கோ. ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்தால் அவ்விடத்தில் பீட் சரியாக உட்காரவில்லை. காற்றை விட்டு, திரும்பச் சவர்க்காரம் பூசி, திரும்ப அடிக்க வேண்டும்.

சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கிற திரவம், ஒரு ரயருக்கு 40 மி.லீ. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சூட்டில் மாதத்துக்கு ஒருக்கால் வல்வின் நடுத்தண்டைக் கழற்றி, கேபிள் ரை ஒன்றை விட்டு ஆழம் பாருங்கோ. நுனி நனையாமல் வந்தால் உள்ளே றப்பர் உருண்டைகள்தான் மிச்சம்.

பம்பின் மீற்றரையும் முழுக்க நம்ப வேண்டாம். மலிவான பம்புகள் ஐந்து, ஆறு பிஎஸ்ஐ பிழையாகக் காட்டுவது சாதாரணம். தனி டிஜிட்டல் மீற்றர் ஒன்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கோ.

தெஹிவளை:

உச்ச அளவுக்கு அடித்துவிட்டு வண்டியைக் காருக்குள் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. விடிய 27 பாகையில் 5 பார் அடிக்கிறீர்கள். வெளிக்காற்றையும் சேர்த்தால் உள்ளே உண்மையில் 6 பார். காலிமுகத் திடலில் பூட்டிய காருக்குள் 57 பாகை ஏறுகிறது என்று வையுங்கோ. 300 கெல்வின் 330 ஆகிறது, பத்து வீதம். 6 பார் 6.6 ஆகும், மீற்றர் 5.6 காட்டும். ஒருவரும் கை வைக்காமலே 81 பிஎஸ்ஐ. காரில் வைப்பதென்றால் பாதிக் காற்றை விட்டுவிட்டு வையுங்கோ.

எழுபது கிலோ ஆளுக்கு 30 மி.மீ. ரயரில் முன்னுக்கு 55, பின்னுக்கு 58 பிஎஸ்ஐ போதும். மழையென்றால் இரண்டு, மூன்று குறைக்கலாம். கூட அடித்தால் வேகம் என்று நினைப்பது கோல் ரோட்டின் ஒட்டுப்போட்ட தாரில் சரிவராது.

பம்பலப்பிட்டி:

ரயரின் சூட்டைப் பார்த்தவர்கள் ஆளின் சூட்டையும் பாருங்கள். சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் கொண்டுவந்த வெப்ப நெறிமுறை நிழல் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலையில் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 வீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதில் 20 வீதம், காற்றின் வெப்பநிலையில் 10 வீதம் கூட்டி ஒரு எண் எடுக்கிறார்கள். அது 28ஐத் தாண்டினால் சிவப்பு. ஓட்டத்தை நேரம் மாற்றுவது, தூரம் குறைப்பது, நிறுத்துவது வரை பேச வேண்டும்.

இங்கே ஒரு பத்து மணியைப் போட்டுப் பாருங்கள். காற்று 31, ஈரக்குமிழ் 26, கறுப்புக் கோளம் 42 என்றால் 18.2, 8.4, 3.1. கூட்டினால் 29.7. அவர்கள் ஓட்டத்தையே நிறுத்த யோசிக்கிற சூட்டில் நம் பிள்ளைகள் பாராளுமன்ற வீதியில் இரண்டாவது சுற்று போகிறார்கள். பின்னால் டொக்டர் கார் வராது, பஸ்தான் வரும். விடிய ஐந்துக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிக்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

தம்பிலி மட்டும் குடித்தால் போதும் என்பது தவறு. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். 750 மி.லீ. போத்தலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு போட்டால் ஏறக்குறைய 575 மில்லிகிராம் சோடியம் சேரும். தேசிக்காய் பிழிந்தால் குடிக்கலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெரிய அணிகள் ஸ்டொக்கிங் துணியில் ஐஸ் நிரப்பி வீரர்களின் பிடரியில் வைக்கிறார்கள். பெரிய செலவில்லை, நாமும் செய்யலாம்.

கொட்டாஞ்சேனை:

வியர்வை என்றதும் ஒன்று. அலுமினிய ஹேண்டிலின் ரேப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் அவிழ்க்க வேண்டும். கடற்காற்று, உப்பு வியர்வை இரண்டும் ரேப்புக்கு அடியில் தங்கும். பிறேக் லீவர் பிடிக்கிற இடத்தில் வெள்ளை மா மாதிரிப் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கோ. வெறும் கறை என்றால் பரவாயில்லை. நகம் இறங்குகிற குழி இருந்தால் அந்த ஹேண்டில் முடிந்தது. மேடு ஏறும்போது இழுத்தால் அவ்விடத்தில்தான் முறியும்.

புதிது வாங்குபவர்களுக்கு: 2026 முதல் சம்மேளனத்தின் ரோட் ஓட்டங்களில் ஹேண்டிலின் வெளி அகலம் குறைந்தது 400 மி.மீ. லீவர்களுக்கு இடையே முதலில் 320 கேட்டார்கள். தோள் ஒடுங்கிய பெண் வீராங்கனைகளுக்கு அது பொருந்தாது என்று எதிர்ப்பு வந்தபிறகு 280 ஆக்கினார்கள், அது நியாயம். கடையில் அளவை நடுவிலிருந்து நடுவுக்குச் சொல்வார்கள். குழாயின் தடிப்பு 24 அளவில் வரும், ஆகவே 38 என்று விற்பது வெளியே 400ஐக் கொஞ்சம் தாண்டும்.

வத்தளை:

அண்ணா, 25 உள் அகல ஹூக்லெஸ், 28 ரயர். போன மாதம்தான் வாங்கினது. மாற்றத்தான் வேணுமோ?

கொட்டாஞ்சேனை:

மாற்றுங்கோ தம்பி. முதலில் பிரேமிலும் முன் போர்க்கிலும் இடம் பாருங்கோ: 30 ரயர் போட்டபின் இரண்டு பக்கமும், மேலேயும் 4 மி.மீ. மிஞ்ச வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கென்றால் முன் சக்கரத்துக்கு முதலில் போடுங்கோ. கழற்றின 28ஐ எறிய வேண்டாம், உள் அகலம் 21 உள்ள ஹூக் ரிம்முக்கு அது நல்லாப் பொருந்தும்.